இந்தியா, பிரேசில் சர்க்கரை உற்பத்தி: 1950 முதல் இன்று வரை யார் முன்னே, ஏன்?

எண்கணக்கு:

வணக்கம். கொஞ்ச நாளாக இந்தியா, பிரேசில் இரண்டின் சர்க்கரை உற்பத்தியையும் பத்துப் பத்து ஆண்டாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் லட்சம் டன்னில், முழு எண்ணாக்கி இருக்கிறேன், ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம்.

1950-51: இந்தியா 11, பிரேசில் 15
1970-71: இந்தியா 37, பிரேசில் 51
1980-81: இந்தியா 51, பிரேசில் 81
1990-91: இந்தியா 120, பிரேசில் 74
2000-01: இந்தியா 185, பிரேசில் 162
2010-11: இந்தியா 244, பிரேசில் 381
2020-21: இந்தியா 310, பிரேசில் 414

1980 வரை பிரேசில் முன்னால். 1990ல் இந்தியா அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த 20 ஆண்டில் பிரேசில் ஐந்து மடங்காகி மறுபடி முன்னே வந்துவிடுகிறது. எனக்குப் புரியாத இடம் 1980க்கும் 1990க்கும் நடுவில்தான். அந்தப் பத்து ஆண்டில் இந்தியா இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, பிரேசிலோ குறைந்தே போகிறது. வறட்சி என்றால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருக்கும். பத்து வருஷமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயலோரம்:

வறட்சி இல்லை. அந்தக் கரும்பெல்லாம் காருக்குப் போனது.

1973ல் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது பிரேசில் தன் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு. அதே சமயத்தில் சர்க்கரையும் ஆடியது. 1974 நவம்பரில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்டைத் தாண்டிப் போன விலை இரண்டே ஆண்டில் 10 சென்ட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது. ஒரு பக்கம் எண்ணெய்க்குக் கொடுக்க டாலர் இல்லை, இன்னொரு பக்கம் சர்க்கரையை வாங்க ஆள் இல்லை. ராணுவ ஆட்சியில் இருந்த கெய்சல் அரசு 1975 நவம்பரில் புரோஆல்கூல் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆலைகளுக்கு மலிவுக் கடன், கரும்பிலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலுக்கு உறுதியான விலை, பெட்ரோலில் கட்டாயக் கலப்பு. 1979ல் ஈரான் புரட்சிக்குப் பிறகு எண்ணெய் விலை இரண்டாம் முறை ஏறியதும் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்களே சாலைக்கு வந்துவிட்டன. 1980களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனால் கார்.

1975-76ல் 55 கோடி லிட்டர் எத்தனால் எடுத்த நாடு 1985-86ல் சுமார் 1,180 கோடி லிட்டர் எடுத்தது. ஆலைக்குப் போன கரும்பு அதே காலத்தில் 6.8 கோடி டன்னிலிருந்து 22 கோடி டன்னுக்கு மேல் போனது. அதாவது கரும்பு மூன்று மடங்கு ஆகியிருக்கிறது, உங்கள் அட்டவணையில் அது எங்கேயும் தெரியவில்லை. சர்க்கரையை மட்டும் எண்ணினால் பிரேசிலின் பாதியைத்தான் பார்க்கிறோம்.

ஆலைச்சங்கு:

முப்பது வருஷத்துக்கு மேல் ஆலை ஆய்வகத்தில் இருந்தவன், அதனால் அளவைப் பற்றிச் சிலது சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வீண் சண்டை வரும்.

முதலாவது, வெள்ளைச் சர்க்கரையா கச்சாச் சர்க்கரையா என்று பார்க்க வேண்டும். இந்திய ஆலைகள் சங்கம் வெள்ளைச் சர்க்கரையில் கணக்குச் சொல்லும். அமெரிக்க வேளாண்மைத் துறை எல்லா நாட்டையும் கச்சாச் சர்க்கரை மதிப்புக்கு மாற்றிச் சொல்லும், வெள்ளையை 1.087ஆல் பெருக்கினால் கச்சா மதிப்பு. இந்தியாவின் 310 லட்சம் அங்கே 337 லட்சமாகத் தெரியும். இரண்டு இடத்திலிருந்தும் எண்ணை எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் எட்டு, ஒன்பது சதவீதம் அங்கேயே ஓடிவிடும்.

இரண்டாவது, ஆண்டு. நம் சர்க்கரை ஆண்டு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. பிரேசிலில் ஏப்ரல் முதல் மார்ச் வரை, அவர்களுடைய தென்மையப் பகுதியில் அரவை ஏப்ரலில் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை போகும். நாம் அடுப்பை அணைக்கிற நேரத்தில்தான் அவர்கள் பற்றவைக்கிறார்கள். ஆகவே 2020-21 என்று இரண்டு பேரும் சொன்னாலும் அது ஒரே பன்னிரண்டு மாதம் இல்லை.

மூன்றாவதுதான் பெரியது. வெல்லம். 1990-91ல் இந்தியாவில் விளைந்த கரும்பு சுமார் 24 கோடி டன், ஆலைகள் அரைத்தது அதில் 12 கோடி டன் மட்டும். மீதிப் பாதி வெல்லத்துக்கும் கண்டசாரிக்கும் (சிறு பட்டறைகளில் செய்யும் சர்க்கரை) விதைக் கரணைக்கும் (நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டு) போனது. 1950ல் ஆலைக்குப் போன பங்கு இன்னும் குறைவு. அந்த 11 லட்சம் டன்னைப் பார்த்துவிட்டு இந்தியா அப்போது கொஞ்சம்தான் இனிப்புச் செய்தது என்று நினைத்தால் தப்பு, நாடு முழுக்கக் கொப்பரைகள் எரிந்துகொண்டிருந்தன, ஆலைக் கணக்கில் அது வராது. 1950லிருந்து இந்திய எண் ஏறியதில் ஒரு பகுதி கொப்பரையிலிருந்து ஆலைக்கு மாறிய கரும்பு.

எண்கணக்கு:

இரண்டு பேருக்கும் நன்றி. வயலோரம் சொன்னதை இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. 2018-19ல் இந்தியா 332 லட்சம் டன், பிரேசில் 290 லட்சத்தை ஒட்டி. இந்தியா உலகில் முதலிடம் என்று அந்த வருஷம் செய்தி வந்தது நினைவிருக்கும். ஆனால் அதற்கு முந்தைய பருவத்தோடு ஒப்பிட்டால் பிரேசிலின் தென்மையப் பகுதியில் கரும்பு 59.6 கோடி டன்னிலிருந்து 57.3 கோடி டன்னுக்குத்தான் குறைந்திருக்கிறது, வெறும் நாலு சதவீதம். சர்க்கரையோ 360 லட்சத்திலிருந்து 265 லட்சத்துக்கு விழுந்துவிட்டது. சாற்றில் சர்க்கரைக்கு ஒதுக்கிய பங்கை 46லிருந்து 35 சதவீதமாக ஆலைகளே குறைத்துக்கொண்டன. உலக விலை படுத்திருந்தது, எத்தனால் நல்ல விலைக்குப் போனது, திருப்பிவிட்டார்கள்.

நாம் முதலிடம் பிடித்தோம் என்பதைவிட அவர்கள் அந்த வருஷம் இடத்தைக் காலி செய்தார்கள் என்பதுதான் சரி.

கட்டைக்கரும்பு:

விழுப்புரம் பக்கம் கரும்பு போடுகிறவன். மேலே உள்ள பெரிய எண்களைப் படித்தேன். இந்தியாவின் ஏற்ற இறக்கத்தை யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பத்து வருஷத்துக்கு ஒரு எண் போட்டால் இந்தியா நேர்கோட்டில் ஏறுகிற மாதிரி தெரியும். நடுவில் உள்ள வருஷங்களைப் போட்டுப் பாருங்கள். 2006-07ல் 283 லட்சம் டன். 2008-09ல் 145 லட்சம். இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி. இது மழையால் மட்டும் வந்ததில்லை. நிறைய விளைகிறது, சர்க்கரை விலை விழுகிறது, ஆலை பணம் தராமல் நிலுவை வைக்கிறது, விவசாயி அடுத்த வருஷம் நெல்லுக்கோ கோதுமைக்கோ போய்விடுகிறான், கரும்பு இல்லாமல் விலை ஏறுகிறது, ஏறியதும் மறுபடி எல்லாரும் கரும்பு. கரும்பு ஒருமுறை நட்டால் கட்டையும் (வெட்டிய தூரிலிருந்து மறுபடி வளர்வது) சேர்த்து இரண்டு மூன்று வருஷம் நிற்கும் பயிர், அதனால் முடிவு எடுக்கிற நேரத்துக்கும் அதன் பலன் சந்தைக்கு வருகிற நேரத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நாங்கள் மாட்டிக்கொள்கிறோம்.

எனக்கே நடந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு ஆலைக்கு மூன்று ஏக்கர் கரும்பை வெட்டி அனுப்பினேன். வெட்டு உத்தரவே இரண்டு மாதம் தாமதம், அதற்குள் பயிர் பூத்து எடை போய்விட்டது. அனுப்பியதற்கும் பதினான்கு நாளில் வர வேண்டிய பணம் ஒன்றரை வருஷம் வரவில்லை. வெட்டுக்கூலியை அன்றன்றே கையிலிருந்து கொடுத்தாக வேண்டும், நகைக்கடன் வாங்கித்தான் கொடுத்தேன். அடுத்த பருவம் பாதி நிலத்தில் நெல் போட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தமிழ்நாடு ஒரு காலத்தில் வருஷம் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்த மாநிலம். 2017-18 வந்தபோது பத்து லட்சத்துக்கும் கீழே. வறட்சியும் காரணம்தான், ஆனால் எக்டருக்கு 100 டன் எடுக்கிற, நாட்டிலேயே விளைச்சல் அதிகமுள்ள மாநிலத்தில் வறட்சி மட்டும் இதைச் செய்யாது.

வயலோரம்:

கட்டைக்கரும்பு அண்ணா சொன்ன 2008-09 சரிவு பிரேசிலுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பாக இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். நாம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, திடீரென்று கச்சாச் சர்க்கரையை வாங்க உலகச் சந்தைக்குப் போய் நின்றோம். 2010 தொடக்கத்தில் விலை பவுண்டுக்கு 30 சென்ட்டைத் தொட்டது, முப்பது ஆண்டில் இல்லாத உயரம். விற்கச் சரக்கோடு இருந்தது பிரேசில். நம் வயலில் நிலுவை ஏறினால் பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் கப்பல் நிறைகிறது, இரண்டு நாட்டு வரலாறும் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

அவர்களிடமும் இந்த ஆட்டம் இல்லாமல் இல்லை. 1986ல் எண்ணெய் விலை விழுந்ததும் புரோஆல்கூல் தள்ளாடியது. 1989ல் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய, எத்தனால் கார் வாங்கியவர்கள் பம்பில் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். மக்கள் அந்தக் கார்களையே கைவிட்டார்கள், 1990களின் கடைசியில் எத்தனால் கார் விற்பனை ஏறக்குறைய நின்றே போனது. கூடவே 1933லிருந்து ஒவ்வொரு ஆலைக்கும் இவ்வளவுதான் என்று பங்கு ஒதுக்கி வந்த சர்க்கரை, ஆல்கஹால் நிறுவனத்தை 1990ல் கலைத்தார்கள். எத்தனாலுக்காக வளர்ந்த கரும்பு வயலில் நிற்கிறது, அதைக் குடிக்கக் கார் இல்லை, கட்டுப்படுத்த அரசு அலுவலகமும் இல்லை. எல்லாம் சர்க்கரையாகி ஏற்றுமதிக்குப் போனது. 74 லட்சம் 162 லட்சமானதற்கு அதுதான் முதல் காரணம். 2003ல் எத்தனாலும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார் வந்த பிறகு ஓட்டுபவர் பம்பில் நின்று விலை பார்த்து முடிவெடுக்கிறார், ஆலை சாற்றைப் பார்த்து முடிவெடுக்கிறது.

மழைத்துளி:

இவ்வளவு நேரமும் டன், லிட்டர் என்றே போகிறது. வெட்டியது யார் என்பதையும் பேச வேண்டும்.

பிரேசிலில் கரும்பு 1530களிலேயே வந்துவிட்டது. பெர்னாம்புகோ, பாஹியா கரையோரத்தில் போர்ச்சுகீசியர் ஆலைகள் கட்டினார்கள், 1600 வாக்கில் ஐரோப்பா தின்ற சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. அதை வெட்டவும் ஆட்டவும் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடிமை வணிகத்தில் பிரேசிலில் இறக்கப்பட்டவர்கள் மட்டும் 48 லட்சம் பேர், உலகில் வேறெந்த நாட்டைவிடவும் அதிகம். எல்லாரும் கரும்புக்கு இல்லை, சுரங்கத்துக்கும் காப்பிக்கும் போனவர்கள் உண்டு, ஆனால் இந்தக் கொடுமை அங்கே வேரூன்றியது சர்க்கரையால். 1888ல்தான் ஒழித்தார்கள், மேற்குலகில் கடைசியாக. 1950ல் பிரேசில் 15 லட்சம் டன்னோடு தொடங்குகிறது என்று அட்டவணை சொல்கிறது. அந்தத் தொடக்கத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அப்புறம், புரோஆல்கூல் காலத்தில் சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாரிபா என்ற சிற்றூரில் 1984 மே மாதம் கரும்பு வெட்டுபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு ஆள் ஒரே வீச்சில் ஐந்து வரிசை வெட்டிக்கொண்டு போன முறையை ஏழு வரிசையாக மாற்றியதுதான் பொறி. இரண்டு வரிசை கூடினால் என்ன என்று தோன்றலாம். வெட்டிய கரும்பை நடு வரிசைக்குத் தூக்கிக்கொண்டு வந்து போட வேண்டும், நடை கூடுகிறது, கூலி கூடவில்லை. காவல்துறையோடு மோதல், உயிர்ப்பலி, கடைசியில் ஐந்து வரிசை திரும்பி வந்தது.

நம் பக்கம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு கணவன் மனைவியாக வெட்டுக்குப் போகிறார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் தண்டம் என்பதால் கருப்பையையே எடுத்துவிட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது 2019ல் வெளியே வந்தது. உற்பத்தி ஏறிய ஆண்டுகளைப் பேசும்போது எனக்கு அந்தப் பெண்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

கட்டைக்கரும்பு:

அம்மா சொன்னது உண்மை. எங்கள் வயலுக்கு வெட்ட வருகிறவர்களும் குடும்பத்தோடு வந்து வரப்பில்தான் சமைக்கிறார்கள், குழந்தை தோகை மேலேயே தூங்கும். பிரேசிலில் இப்போது இயந்திரம் வந்துவிட்டது என்கிறார்களே, அங்கே அந்த ஆட்கள் என்ன ஆனார்கள்?

மழைத்துளி:

சாவோ பாவ்லோவில் 2002ல் ஒரு சட்டம் வந்தது, வெட்டுமுன் தோகையைக் கொளுத்துவதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று. கொளுத்தாத கரும்பைக் கையால் வெட்டுவது மிகக் கடினம், அதனால் ஆலைகள் இயந்திரத்துக்குப் போயின. இப்போது அந்த மாநிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயந்திர அறுவடை. வடகிழக்கிலிருந்து பருவத்துக்குப் பருவம் வந்துகொண்டிருந்த பல்லாயிரம் பேருக்கு வேலை போனது, சிலர் இயந்திரம் ஓட்டக் கற்றார்கள், பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். புகை நின்றது நல்லது. ஆனால் விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஆலைச்சங்கு:

இரக விஷயத்தில் இந்த இரண்டு நாட்டுக்கும் கோயம்புத்தூர் வழியாக ஒரு உறவு இருப்பது பலருக்குத் தெரியாது. 1912ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த நல்ல கரும்பைக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்து 1918ல் கோ 205 என்ற இரகத்தைக் கொடுத்தார்கள். வட இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வணிக ஒட்டு இரகம் அது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளும் அங்கே வேலை செய்தவர். அதற்குப் பிறகு வந்த கோ 290, கோ 419 எல்லாம் கடல் கடந்து பிரேசில் வயலிலும் நின்றவை.

1932ல் பாதுகாப்பு வரி போட்டதும் இங்கே முப்பதுக்குப் பக்கத்தில் இருந்த ஆலைகள் நாலைந்து வருஷத்தில் 130ஐத் தாண்டியதே, அதுவரை ஜாவாவிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன் வாங்கித் தின்ற நாடு தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டதே, வரி ஒரு பாதி என்றால் கோ இரகங்கள் மறு பாதி.

சமீபத்திலும் அதே கதை நடந்தது. அதே நிலையத்தின் கர்னால் கிளையில் பக்ஷி ராம் உருவாக்கி 2009ல் வெளியிட்ட கோ 0238 உத்தரப் பிரதேசம் முழுக்கப் பரவியது. ஒன்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கிடந்த அந்த மாநிலத்தின் பிழிதிறன், அதாவது நூறு டன் கரும்புக்குத் தேறும் சர்க்கரை, பதினொன்றைத் தாண்டியது. 2017-18ல் அந்த ஒரு மாநிலமே 120 லட்சம் டன் எடுத்தது. 1990-91ல் மொத்த நாடும் எடுத்த அளவு! கட்டைக்கரும்பு சொன்ன அந்தப் பழைய ஏற்ற இறக்கச் சுழல் 2010க்குப் பிறகு மிதமானதற்கு இந்த இரகமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் எல்லாரும் அதையே நட்டார்கள். இப்போது செவ்வழுகல் பிடித்து வயல் வயலாகக் காய்கிறது. ஆய்வகத்தில் அந்தக் கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து நடுநடுவே வெள்ளைப் பட்டை, சாராய வாடை. 2024-25ல் நாட்டின் உற்பத்தி 261 லட்சத்துக்கு இறங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

பிரேசிலில் ஒரே இரகத்தை அவ்வளவு பரப்பில் இப்போது நடுவதில்லை. 1920களில் தேமல் நோய் வந்து சாவோ பாவ்லோ கரும்பைத் துடைத்துப்போட்ட பாடம் அது.

புதிர்நிலம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்படியென்றால் நாமும் பிரேசில் மாதிரியே செய்துவிடலாமே? ஆலை சர்க்கரையா எத்தனாலா என்று தானே முடிவெடுக்கட்டும், அரசு விலை வைப்பதை விடட்டும். இத்தனை ஆண்டு கட்டுப்பாடு வைத்து நிலுவைதானே மிஞ்சியது.

வயலோரம்:

அவ்வளவு எளிது இல்லை. பிரேசிலில் அரைக்கும் கரும்பில் பாதிக்கு மேல் ஆலையின் சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ ஆலையே விளைவிப்பது. ரிபெய்ராவ் பிரெத்தோ பக்கம் ஒரு ஆலைக்கு ஒரே தொடராக ஆயிரக்கணக்கான எக்டர். இங்கே விவசாயிகளும் அவர்கள் குடும்பமும் சேர்த்து ஐந்து கோடிப் பேர், ஒரு விவசாயிக்குச் சராசரியாக ஒரு எக்டர்கூட இல்லை. அங்கே விலை விழுந்தால் நிறுவனத்தின் லாபம் குறையும், இங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டுச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று தண்ணீர். அவர்களுடைய கரும்பில் பெரும்பகுதி மழையிலேயே விளைகிறது. நம்முடையது பாசனத்தில். 2016ல் மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் உள்ள லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் கொண்டுபோனார்களே, அந்த மராத்வாடாவிலும் கரும்பு நின்றுகொண்டிருந்தது. நாம் பிரேசிலின் 400 லட்சத்தைத் துரத்தினால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்க வேண்டும்.

மேலும், நம் உற்பத்தி நமக்கே வேண்டும். 280, 290 லட்சம் டன் உள்நாட்டிலேயே செலவாகிறது. பிரேசில் தன் சர்க்கரையில் முக்கால் பங்கை வெளியே விற்கிறது. 2021-22ல் நாம் 110 லட்சம் டன் ஏற்றுமதி செய்து சாதனை என்றோம், 2023ல் ஏற்றுமதியையே நிறுத்தினோம். அதே 2023 டிசம்பரில் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கும் தடை போட்டார்கள், அடுத்த ஆகஸ்டில் நீக்கினார்கள். எத்தனாலுக்காகக் கடன் வாங்கி வடிப்பாலை கட்டியவர்கள் நிலை என்ன? உள்ளூரில் விலை ஏறிவிடுமோ என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு, அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அது இருக்கும்வரை பிரேசில் ஆலையின் சுதந்திரம் நம் ஆலைக்கு வராது.

கட்டைக்கரும்பு:

> அரசு விலை வைப்பதை விடட்டும்

தம்பி, தமிழ்நாட்டில் மாநில அரசு பரிந்துரை விலையை விட்டுவிட்டு வருவாய்ப் பங்கீட்டுக்கு (ஆலையின் விற்பனை வருவாயில் விவசாயிக்கு ஒரு பங்கு) போனது 2017-18லேயே. எங்களுக்குக் கையில் வந்தது குறைந்ததுதான் மிச்சம். பிறகு அரசே டன்னுக்கு ஊக்கத்தொகை என்று மேலே சேர்க்க வேண்டி வந்தது. 2024-25 பருவத்துக்கு மத்திய விலை 3,151 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 349, இரண்டும் சேர்த்து 3,500. வெட்டுக்கூலி போக என்ன நிற்கும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பிரேசில் முறையில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது, அதைக் கொண்டுவந்தால் வரவேற்பேன். அங்கே கான்செகானா என்று ஒரு ஏற்பாடு, 1990களின் கடைசியில் ஆலைகளும் விவசாயிகளும் உட்கார்ந்து பேசி உருவாக்கியது. ஒவ்வொரு வண்டிக் கரும்பிலும் எவ்வளவு சர்க்கரைச் சத்து என்று சோதித்து, அந்தக் கிலோவுக்கு விலை. சர்க்கரை, எத்தனால் இரண்டும் என்ன விலைக்கு விற்றதோ அதிலிருந்து அந்தக் கிலோ விலை வரும். இங்கே ஆலையின் சராசரிப் பிழிதிறனுக்குத்தான் விலை. நான் நல்ல முற்றிய கரும்பைத் தோகை உரித்து வெட்டிச் சுத்தமாக அனுப்பினாலும், பக்கத்து வயல்காரர் இளங்கரும்பை மண்ணோடு அனுப்பினாலும் டன்னுக்கு ஒரே காசு. நல்ல விளைச்சலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆலைச்சங்கு:

வண்டிக்கு வண்டி சோதிப்பது இங்கே முடியாத காரியம் இல்லை. அரை ஏக்கர்காரரின் டிராக்டர் சுமையில் மாதிரி எடுக்க ஆளும் கருவியும் வேண்டும், முடிவை விவசாயி நம்ப வேண்டும். எடைமேடையையே நம்பாத ஊரில் இரண்டாவதுதான் கடினம். அங்கே விவசாயிகள் சங்கம் ஆலை ஆய்வகத்துக்குள்ளேயே தங்கள் ஆளை வைத்துப் பார்க்கிறது. அதைச் செய்யாமல் முறையை மட்டும் கொண்டுவந்தால் இன்னொரு சந்தேகம்தான் முளைக்கும்.

எண்கணக்கு:

எல்லாரும் சொன்னதை வைத்து அட்டவணையைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் எத்தனாலைச் சர்க்கரையாக மாற்றிப் பார்த்தேன். ஒரு டன் சர்க்கரையை விட்டுக்கொடுத்தால் ஏறக்குறைய 600 லிட்டர் எத்தனால். 1990-91ல் பிரேசில் சுமார் 1,150 கோடி லிட்டர் எடுத்தது, அது 190 லட்சம் டன் சர்க்கரைக்குச் சமம். 74ஐச் சேர்த்தால் 264. இந்தியா 120.

ஆலைச்சங்கு:

அந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதல் காட்டும். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வரும் எத்தனாலுக்குச் சர்க்கரை எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை எடுக்கும் ஆலை எதுவானாலும் அது தானாக வரும், நமக்கும்தான். அதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். கழித்தாலும் இந்தியாவைவிட மேலேதான் இருக்கும், ஆனால் இடைவெளி கொஞ்சம் குறையும். வெல்லத்தை இந்தியப் பக்கம் சேர்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

எண்கணக்கு:

சரி, அதனால்தான் அதைவிட்டு நேராகக் கரும்புக்கே போய்விட்டேன். வெல்லமா, எத்தனாலா, சர்க்கரையா என்ற குழப்பமே இல்லை. கிடைத்ததைப் பார்த்து எனக்கே வியப்பு.

1990ல் இந்தியாவில் விளைந்தது 24 கோடி டன். பிரேசிலில் 26 கோடி டன். கிட்டத்தட்ட சமம்! பரப்பு இங்கே 37 லட்சம் எக்டர், அங்கே 43 லட்சம். எக்டருக்கு இங்கே 65 டன், அங்கே 61. நம் வயல் அப்போது அவர்கள் வயலைவிட ஒரு படி மேல்.

2023-24ல் இந்தியா 45 கோடி டன். பிரேசில் 71 கோடி டன். பரப்பு இங்கே 57 லட்சத்தை ஒட்டி, அங்கே 83 லட்சத்தை ஒட்டி. எக்டருக்கு இங்கே 79, அங்கே 85.

ஆக 1980ல் பிரேசில் முன்னே, 1990ல் இந்தியா முன்னே, பிறகு மறுபடி பிரேசில் என்று நான் முதலில் போட்ட கதையே நிற்கவில்லை. 1990ல் யாரும் யாரையும் தாண்டவில்லை. இரண்டு நாட்டு வயலிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரும்பு நின்றது, ஒருவர் பாதியை வெல்லத்துக்கும் கண்டசாரிக்கும் விதைக்கும் விட்டார்கள், இன்னொருவர் பெரும்பகுதியைக் காரில் எரித்தார்கள், ஆலை மூட்டையை மட்டும் எண்ணியதால் எனக்கு அது பந்தயமாகத் தெரிந்தது. உண்மையான பிரிவு அதற்குப் பிறகுதான். அவர்களிடம் மேய்ச்சல் நிலமாகக் கிடந்த மேட்டுநிலம் இருந்தது, அதில் கரும்பு பரவியது. நம்மிடம் நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

முதல் பதிவில் உள்ள அட்டவணையை அப்படியே விட்டுவைக்கிறேன், கீழே கரும்பு, பரப்பு இரண்டையும் சேர்க்கிறேன். 1970, 1980க்கும் இதே மாதிரி கரும்பு எண் போட வேண்டும்.

மழைத்துளி:

வெட்டியவர்கள் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி விடுங்கள். கிடைக்கிற ஆண்டுகளுக்காவது போடலாம், நான் தேடித் தருகிறேன்.

கட்டைக்கரும்பு:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஆலைச்சங்கு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் இருப்பது கோ 86032, ஏழெட்டு வருஷமாக அதே கரணையைத்தான் திருப்பித் திருப்பி நடுகிறேன், இந்த முறை கட்டையில் இடைக்கணு குட்டையாக வருகிறது, தூர் மெலிந்து புல் மாதிரி கிளம்புகிறது. வரும் பட்டத்துக்கு இரகத்தையே மாற்றவா, இல்லை விதை மட்டும் புதிதாக வாங்கவா?

ஆலைச்சங்கு:

இரகத்தை விடாதீர்கள், விதையை மாற்றுங்கள். தூர் புல் மாதிரி மெலிந்து கிளம்பினால் புல்தண்டு நோயாக இருக்கலாம், கட்டை குட்டையாவதும் பழைய கரணையில் சேர்ந்த நோயால் இருக்கலாம். இரண்டும் பெரும்பாலும் கரணை வழியாகப் பரவும். திசு வளர்ப்பு நாற்றோ, வெந்நீராவி கொடுத்த கரணையோ வாங்கிக் கால் ஏக்கரில் மட்டும் நட்டு ஆறேழு மாதத்தில் அதையே விதையாக வெட்டிக்கொள்ளுங்கள். இப்போது நிற்கும் கட்டையில் அந்தத் தூர்களை வேரோடு பிடுங்கி வெளியே போட்டுவிடுங்கள். அதிகம் பரவியிருந்தால் இந்தக் கட்டையை வைத்துக்கொள்ளாதீர்கள், வெட்டு முடிந்ததும் உழுதுவிடுங்கள்.